பாரிஸ் மாநாடு முதல் ஜெனீவா உடன்படிக்கை வரை

விழா மலரில் நிறுவன வரலாறு என்றால் அடிக்கல் நாட்டிய நாள், முதல் தலைவரின் படம், கட்டட நிதிக்குக் கொடுத்தவர்கள் பட்டியல் என்று போவது வழக்கம். பொதுச் சுகாதாரத் துறையினர் வாசிக்கப்போகும் இம்மலருக்கு நான் எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்கு அடிக்கல் எதுவும் கிடையாது. கொள்ளைநோய்க்கென்று நாடுகள் கூடிக் கூடி எழுதிக்கொண்ட விதிகளின் தொடர்ச்சிதான் அது. 1851இல் பாரிஸில் தொடங்கியது. 2025 மே மாதம் ஜெனீவாவில் பெருந்தொற்று உடன்படிக்கையாக வந்து நிற்கிறது. அந்த உடன்படிக்கை நிறைவேறியதிலிருந்து, 'இனிமேல் ஊரடங்கு போடுவதும் ஊசி போடுவதும் உலக சுகாதார நிறுவனத்தின் கையில்' என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் துறையில் இருப்பவர்களே அது நிஜமா என்று கேட்கிறார்கள். பழைய கதையைத் தெரிந்துகொண்டால், பயப்பட வேண்டிய இடம் ஜெனீவா அல்ல என்பது விளங்கும்.

1851 ஜூலையில் 12 நாடுகள் பாரிஸில் கூடின. ஒவ்வொரு நாடும் ஒரு மருத்துவரையும் ஓர் அரசுத் தூதரையும் அனுப்பிவைத்தது. கூட்டிவைத்தது காலரா பயம். ஆனால் பேசியது பெரும்பாலும் கப்பலைப் பற்றி. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் ஒவ்வோர் ஊரும் தன் இஷ்டத்துக்குக் கப்பல்களை நிறுத்திவைத்தது. சரக்கு தேங்கியது, வியாபாரிகளுக்கு நஷ்டம். நோயும் வரக்கூடாது, வியாபாரமும் நிற்கக்கூடாது என்பதுதான் மாநாட்டின் கவலை. ஆறு மாதம் பேசியும் காலரா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா தொற்றாதா என்பதிலேயே மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. 137 பிரிவுகளில் எழுதிய ஒப்பந்தத்தை விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே ஏற்றன, அதுவும் நிலைக்கவில்லை.

1865இல் மக்காவுக்குப் போன ஹஜ் பயணிகளிடையே காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நீராவிக் கப்பலில் நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. அடுத்த ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய மாநாடு, காலராவின் பிறப்பிடம் இந்தியாவின் கங்கைச் சமவெளி என்று தீர்மானித்தது. அதற்குப் பிறகு இந்தியக் கப்பல் என்றாலே சந்தேகம். பிரிட்டன் இதை விடாமல் எதிர்த்தது. இந்தியர்மீது பாசம் ஒன்றும் இல்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்த வழியே போன கப்பல்களில் பெரும்பங்கு அவர்களுடையது. கல்கத்தாவில் ஆய்ந்து காலராக் கிருமியை உறுதிசெய்த ராபர்ட் கோக் நேரில் வந்து உட்கார்ந்திருந்த 1885 ரோம் மாநாடும் ஒப்பந்தமில்லாமல் கலைந்தது. உருப்படியான முதல் ஒப்பந்தம் 1892இல் வெனிஸில் கையெழுத்தானது. அதற்கு 41 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு நாடு தன் இறையாண்மையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்க எவ்வளவு யோசிக்கும் என்பதற்கு அந்த 41 ஆண்டுகளே சாட்சி.

நாடுகள் இழுபறியில் இருந்த அந்தக் காலத்தில் தனி மனிதர்கள் என்ன ஆனார்கள்? செங்கடலில் கமரான் என்றொரு தீவு. 1882 முதல் தெற்கிலிருந்து வரும் ஹஜ் பயணிகளை அங்கே இறக்கி, துணிமணிகளை நீராவியில் போட்டு எடுத்து, நாள்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். அதற்குக் கட்டணமும் பயணிகளிடமே வசூலித்தார்கள். இந்தியாவிலிருந்தும் மலாய் நாடுகளிலிருந்தும் போன ஏழை முஸ்லிம்களின் பயணத்தில் கமரான் ஒரு கட்டாயப் படி. எந்த மாநாட்டிலும் அவர்கள் சார்பாக யாரும் உட்காரவில்லை.

நம் கதை 1897இல் சூடு பிடிக்கிறது. முந்தைய ஆண்டு பம்பாயில் பிளேக் வந்துவிட்டது. ஐரோப்பியத் துறைமுகங்கள் இந்தியச் சரக்கை மறிக்கப் பார்த்தன. பிப்ரவரியில் பிளேக்குக்கென்றே வெனிஸில் மாநாடு கூடியது. அதே பிப்ரவரி 4ஆம் தேதி இங்கே கொள்ளைநோய்கள் சட்டம் நிறைவேறியது. ஊருக்கு முன்னால் தாங்கள் கண்டிப்பாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசரம் ஆட்சியாளர்களுக்கு. நாலே பிரிவுகள். அரசு எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், மீறினால் தண்டனை, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரிமீது வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு என்ன உரிமை என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அதே ஆண்டு இலங்கையிலும் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

அந்தச் சட்டத்தைப் புனேயில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். சிப்பாய்கள் வீடு புகுந்து தேடினார்கள்; பெண்களைச் சோதித்தார்கள்; நோயாளிகளை இழுத்துப்போனார்கள். பிளேக் அதிகாரி ராண்டை 1897 ஜூன் 22 இரவு சாப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதைத் தொடர்ந்த ராஜத்துரோக வழக்கில் திலகருக்கு 18 மாதச் சிறைத்தண்டனை. கிருமியை வைத்துத் தொடங்கிய விவகாரம் அரசியல் சிறையில் போய் முடிந்தது. ராண்டுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது வெனிஸ் மாநாடு அல்ல, கல்கத்தாவில் இருந்த அரசு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாறு நெடுக இதே கதைதான்.

நம் பக்கத்தில் மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளிகளை இந்திய மண்ணிலேயே நிறுத்திவைத்துச் சோதிக்க இலங்கை அரசு நடத்திய இடம் அது. 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழித்தடம் திறந்தபின் கங்காணியோடு வந்த குடும்பங்கள் இங்கே நாள்கணக்கில் தங்கி, அம்மை குத்திக்கொண்டு, துணிகளுக்குப் புகைபோட்டுக்கொண்டு, அப்புறம்தான் கப்பல் ஏறின. பினாங்குக்குப் போனவர்களுக்கு ஜெரெஜாக் தீவு. சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. தனிமைப்படுத்தல் என்பது கூலி டிக்கெட்டில் போகிறவனுக்கு ஒரு மாதிரி, மேல்வகுப்பில் போகிறவருக்கு வேறு மாதிரி. இன்று ரயில் நிலையத்தின் பெயரிலும் இலங்கை அகதிகள் வாழும் இடமாகவும் அந்த முகாம் நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1907 ரோம் உடன்பாட்டின்படி பாரிஸில் ஒரு நிரந்தர அலுவலகம் வந்தது. சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவு 1925இல் சிங்கப்பூரில் கீழை அலுவலகம் திறந்து, ஆசியத் துறைமுகங்களின் நோய்ச் செய்திகளைத் தந்தியில் திரட்டி வாரந்தோறும் திருப்பி அனுப்பியது. அதட்டலும் இல்லை, அபராதமும் இல்லை. எந்தத் துறைமுகத்தில் என்ன நோய் என்ற தகவல் மட்டும்தான். என்னைக் கேட்டால் இந்த நிறுவனம் செய்த ஆகப் பெரிய நன்மை அதுதான்.

1946இல் நியூயார்க்கில் எழுதிய சாசனம் 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்து உலக சுகாதார நிறுவனம் பிறந்தது. அந்தச் சாசனத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உடன்படிக்கை: ஒவ்வொரு நாடும் தன் முறைப்படி ஏற்றால்தான் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். மற்றொன்று ஒழுங்குவிதி: குறித்த காலத்துக்குள் மறுப்போ நிபந்தனையோ தெரிவிக்காத நாடு ஏற்றுக்கொண்டதாகப் பொருள். வாய்மூடி இருந்தாலே சம்மதம் என்ற இந்த இரண்டாம் வழிதான் பலருக்கும் உறுத்துகிறது. உறுத்துவதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் நாடாளுமன்றம் வாய் திறக்காமலே ஒரு விதி நாட்டைச் சேர்ந்துவிடலாம். 1951இல் வந்த சர்வதேசச் சுகாதார விதிகள் இந்த வழியில் வந்தவைதான். காலரா, பிளேக், பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல், இன்னும் இரண்டு காய்ச்சல்கள் என ஆறு நோய்களுக்கு மட்டும். 1969இல் பெயர் மாறி, நோய்கள் நான்காயின. பெரியம்மை ஒழிந்தபின் 1981இல் மூன்று.

1961இல் 14ஆவது உலக சுகாதாரப் பேரவை புது தில்லியில் கூடியபோது தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் நம் ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார். மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்தவர். 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாகச் சென்னையைச் சேர்ந்த சௌம்யா சுவாமிநாதன் அமர்ந்தார். ஜெனீவாவில் முடிவெடுப்பவர்கள் யாரோ வெள்ளைக்காரர்கள் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெயர்களை மறந்துவிடுகிறார்கள்.

மஞ்சள் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிண்டி கிங் நிலையத்தில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்கிறார். மஞ்சள் நிறப் புத்தகம் ஒன்று தருகிறார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். 2016 ஜூலை முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். நோயுள்ள நாட்டிலிருந்து அந்தப் புத்தகம் இல்லாமல் இங்கே வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். இந்தியாவில் அந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. அதனால் உலக விதியைவிடக் கடுமையாக நடந்துகொள்ள இந்தியா தனி நிபந்தனை எழுதி வாங்கிக்கொண்டது. சர்வதேச விதியில் வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் கேட்கப்படும் ஊசி இது. அதை இன்னும் இறுக்கச் சொன்னது நம் அரசு. இதை எதிர்த்து யாரும் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை.

விதியை மீறித் தண்டித்தால் என்ன ஆகும் என்பதை 1994 செப்டம்பரில் சூரத் அனுபவித்தது. பிளேக் என்ற செய்தி கிளம்பியதும் பல நாடுகள் விமானங்களை நிறுத்தின, இந்தியச் சரக்கை மறுத்தன. அப்படிச் செய்யத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்பாரில்லை. இறந்தவர்கள் ஐம்பத்துச் சொச்சம்; நாட்டுக்கு ஏற்பட்ட நஷ்டமோ 100 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். நோயை ஒளித்தால் ஊருக்கு ஆபத்து, சொன்னால் நமக்கு நஷ்டம் என்ற இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் மறு ஆண்டே விதிகளைத் திருத்தும் பணி தொடங்கியது. 2003இல் சார்ஸ் வந்து, சீனா மறைத்து, 774 பேர் இறந்தபின் அது வேகம் பிடித்தது.

2005இல் வந்த சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளில்தான், 154 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு, தனி மனிதர் உள்ளே நுழைகிறார். மனித மாண்பு, மனித உரிமை, அடிப்படைச் சுதந்திரம் ஆகியவற்றை முழுமையாக மதித்து விதிகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. அதே பிரிவு, சட்டம் இயற்றுவது அந்தந்த நாட்டின் இறையாண்மை உரிமை என்றும் சொல்கிறது. பயணியைப் பரிசோதிக்கச் சம்மதம் வேண்டும். நிறுத்திவைத்தால் உணவும் தண்ணீரும் மருத்துவமும் தர வேண்டும். அவர் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும். குடியேற வருகிறவர் நீங்கலாக, தனிமைப்படுத்துவதற்குப் பயணியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது 40ஆம் பிரிவு. கமரானுக்குப் பதில் சொல்ல அத்தனை காலம் ஆயிற்று.

2020 மே மாதம் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தவர்களுக்கு இந்திய அரசு என்ன விதித்தது? 7 நாள் சொந்தச் செலவில் விடுதியில் தனிமை, பிறகு 7 நாள் வீட்டில். வேலை போய் வளைகுடாவிலிருந்து திரும்பியவர் விடுதி வாடகை கட்டினார். தமிழ்நாட்டில் அரசு முகாமில் இலவசமாகத் தங்கவும் ஏற்பாடு இருந்தது உண்மைதான். ஆனாலும் 40ஆம் பிரிவை எடுத்துக்காட்டிப் பேசியவர்கள் மிகக் குறைவு. உலக விதி மக்கள் பக்கம் நின்றது. உள்ளூர் ஆணை பர்ஸைத் திறக்கச் சொன்னது.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கொடுமை. கொரோனாவில் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாக வழிகாட்டியிருந்தது. கொழும்போ நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி எல்லோரையும் எரிக்க ஆணையிட்டது. ஜனாசாவை எரிப்பதை மார்க்கம் ஏற்காது என்று முஸ்லிம் குடும்பங்கள் கதறின; பச்சிளங் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில்தான் ஆணை மாறியது. அப்புறமும் ஊர் மையவாடியில் புதைக்க முடியவில்லை. கிழக்கே ஓட்டமாவடியில் குறித்த ஒரே இடத்துக்கு உடல்களைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. இங்கே சர்வதேச வழிகாட்டலில் கொஞ்சமாவது பல் இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

நம் நாட்டில் ஓரளவு நியாயம் கிடைத்தது நீதிமன்றத்தில். நோயாளி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவதை, உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஆணையிட்டால் ஒழியச் செய்யக்கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நோட்டீஸை ஒட்டியவர்கள் நாம்தான். தெருவே எட்டிப் பார்க்க, தகரம் அடித்து வீட்டை மறித்ததும் நடந்தது. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று அதே நீதிமன்றம், உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, ஆனால் பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஜெனீவாவில் எந்த உடன்படிக்கை வந்தாலும் இந்தியக் குடிமகனைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்புதான் வரம்பு.

நாடுகளின் உரிமைச் சண்டை வேறு தளத்தில் நடந்தது. 2007இல் இந்தோனேசிய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி, பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை வெளியே அனுப்ப மறுத்தார். எங்கள் நோயாளியின் மாதிரியை இலவசமாக வாங்கி, அதில் தடுப்பூசி செய்து, எங்களுக்கே கட்டுபடியாகாத விலைக்கு விற்பீர்களா என்பது கேள்வி. உலகமே அவரைத் திட்டியது. ஆனாலும் 2011இல் மாதிரி கொடுத்தவருக்கும் பலனில் பங்கு என்று இன்ஃப்ளுயன்சாவுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு வந்தது. அந்த அம்மையாரின் பிடிவாதம் இல்லாவிட்டால் இன்றைய உடன்படிக்கையின் மையப் பகுதியே இல்லை.

கொரோனாவில் அந்தப் பாடம் திரும்பியது. பணக்கார நாடுகள் தடுப்பூசியை முன்கூட்டியே வாங்கிக் குவித்தன. 2021 நவம்பரில் ஒமைக்ரானைக் கண்டுபிடித்து உடனே அறிவித்த தென்னாப்பிரிக்காவுக்குப் பரிசாகக் கிடைத்தது விமானத் தடை. சூரத்துக்குப் பின் திருத்திய விதி அங்கேயும் ஏட்டில்தான் இருந்தது. நாமும் உத்தமர்கள் அல்லர். 2021 இரண்டாம் அலையில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதால், நம் ஊசியை நம்பியிருந்த ஏழை நாடுகள் காத்துக்கிடந்தன. சொந்த மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது எந்த அரசும் அதைத்தான் செய்யும். அதனால்தான் முன்கூட்டியே எழுதிவைத்த பங்கீடு தேவை.

உரிமைப் பேச்சில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியையும் இங்கே பதிவு செய்கிறேன். 2022இல் ஒழுங்குவிதிகளுக்குத் திருத்தம் கேட்டபோது, 3ஆம் பிரிவில் உள்ள 'மனித மாண்பு, மனித உரிமை, அடிப்படைச் சுதந்திரம்' என்ற சொற்களை எடுத்துவிட்டு, சமத்துவம் முதலான சொற்களைப் போட முன்மொழிந்த நாடு இந்தியா. நாடுகளுக்கிடையே நியாயம் என்ற நோக்கம் சரியாகவே இருக்கலாம். அதற்காகத் தனி மனிதரை வெளியேற்ற வேண்டியதில்லை. பழைய சொற்களை விட்டுவிடாதீர்கள் என்று, திருத்தங்களைப் பரிசீலித்த ஆய்வுக்குழு அறிவுரை சொன்னது. 2024 ஜூன் 1 அன்று நிறைவேறிய திருத்தத்தில் அந்தச் சொற்கள் அப்படியே இருக்க, சமத்துவமும் ஒருமைப்பாடும் பக்கத்தில் சேர்ந்தன. நம் உரிமையைக் காப்பாற்றியது ஜெனீவா. கைவைக்கப் பார்த்தது தில்லி. கசப்பான உண்மைதான்.

பெருந்தொற்று உடன்படிக்கைக்கு வருவோம். மூன்றாண்டுக்கு மேல் பேச்சு நடந்து, 2025 மே 19 அன்று உலக சுகாதாரப் பேரவையின் குழுவில் வாக்கெடுப்பு நடந்தபோது 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை, 11 நாடுகள் ஒதுங்கின. மறுநாள் பேரவை ஏற்றது. அமெரிக்கா இதில் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே உலக சுகாதார நிறுவனத்தைவிட்டு விலகுவதாக அறிவித்துவிட்டது. நாடுகளின் சட்டத்தை மாற்றச் சொல்லவோ, பயணத் தடை விதிக்கவோ, ஊசியைக் கட்டாயமாக்கவோ, ஊரடங்கு போடச் சொல்லவோ நிறுவனத்தின் செயலகத்துக்கு அதிகாரம் இல்லை என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. கிருமி மாதிரிகளைப் பகிரும் ஏற்பாட்டில் சேரும் மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க முயல வேண்டும், அதில் குறைந்தது 10 சதவீதம் நன்கொடையாக. அந்த ஏற்பாட்டின் இணைப்பை நாடுகள் ஏற்ற பிறகே கையெழுத்து. 60 நாடுகள் உறுதிசெய்தால்தான் நடைமுறை. கட்டுப்படுத்தும் உடன்படிக்கை என்று பெயர், கட்டுப்படுத்தும் வரிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொழில்நுட்பத்தைப் பகிர்வதுகூட இருதரப்பும் ஒத்துக்கொண்டால்தான்.

மாநில உரிமை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அரசியலமைப்பின் 253ஆம் பிரிவு. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்ற என்று சொல்லி நாடாளுமன்றம் எந்தப் பொருளிலும் சட்டம் போடலாம். அந்த உடன்படிக்கையை ஏற்பதற்கோ நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை, அமைச்சரவை போதும். 1939லேயே நாட்டின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றிய மாநிலம் நம்முடையது. கேள்வி கேட்க நமக்குத் தகுதியும் உண்டு, பொறுப்பும் உண்டு.

1897 சட்டம் இந்தக் காலத்துக்குப் போதாது, திருத்துங்கள் அல்லது புதிதாக எழுதுங்கள் என்று சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் தன் 286ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது. புதிய சட்டம் எழுதும்போது நம் துறையினர் கருத்துச் சொல்ல வேண்டும். தனிமைப்படுத்தும் ஆணை எழுத்தில், தமிழில், கெடு தேதியோடு இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஓர் அதிகாரி வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அந்த நாள்களின் வருமானத்துக்கு ஈடு வேண்டும். இறந்தவரின் மத வழக்கத்தைக் காக்க ஒரு பிரிவு வேண்டும். வாசலில் நிற்கும் சுகாதார ஆய்வாளருக்கும் பாதுகாப்பு வேண்டும். இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் களத்தில் பட்டதை வைத்து ஒரு பக்கமாவது எழுதி அனுப்புங்கள்.